ஒரே முற்றத்தில் வளர்ந்த பகை

வாசகர் கேள்வி – பதில்

ரஷ்யாவில் புதினின் ஆட்சியை எதிர்ப்பவர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதியிருந்தேன். அது போதவில்லை என்று பல வாசகர்கள் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வது சரி என்பதால், இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரஷ்யாவில் தாராளவாத எதிர்ப்பாளர்கள் ஒரு பக்கம், புதினைச் சுற்றியுள்ள ஆளும் வட்டம் மறுபக்கம் என்று செய்திகளில் படிக்கிறோம். இவ்விரு தரப்பினரும் தொடக்கம் முதலே எதிரெதிர் முகாம்களில் இருந்தவர்களா? (வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: இல்லை. இந்தப் பகையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தியே, இவர்களில் பலர் ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள் என்பதுதான். புதின் தம் அரசியல் வாழ்வைத் தொடங்கியது ஒரு தாராளவாதியின் அலுவலகத்தில். சோவியத் ஆட்சியின் கடைசி ஆண்டுகளில் மக்களாட்சிக்காகக் குரல் கொடுத்துப் புகழ்பெற்ற சட்டப் பேராசிரியர் அனதோலி சப்சாக், பின்னாளில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் மேயரானார். உளவுத்துறையிலிருந்து வந்த புதின் அவரிடம் ஆலோசகராகச் சேர்ந்து, அயல்நாட்டு வணிகத் தொடர்புகளைக் கவனிக்கும் குழுவுக்குத் தலைவராகி, துணை மேயராகவும் உயர்ந்தார். அந்த நாள்களிலேயே, உலோகங்களை ஏற்றுமதி செய்து உணவுப் பொருள் வாங்கும் ஒப்பந்தங்களில் முறைகேடு நடந்ததாகக் கூறி அவரைப் பதவியிலிருந்து நீக்கப் பரிந்துரைத்த நகர மன்ற உறுப்பினர் மரீனா சால்யேயும் அதே மக்களாட்சி இயக்கத்திலிருந்து வந்தவர்தான். பரிந்துரை கிடப்பில் போடப்பட்டது.

இன்னொரு சோடியைப் பாருங்கள். இயற்பியலாளரான போரிஸ் நெம்த்ஸோவ் தமது 32ஆம் வயதில், 1991இல், நீழ்னி நோவ்கொரத் மாகாண ஆளுநரானார். 1997இல் அன்றைய குடியரசுத் தலைவர் யெல்த்சின் அவரை முதல் துணைப் பிரதமராக மாஸ்கோவுக்கு அழைத்தபோது, அந்த ஊரில் முதலில் வங்கியும் பின்னர் எண்ணெய் நிறுவனமும் நடத்திய செர்கேய் கிரியென்கோவை அவர் எரிசக்தி அமைச்சகத்துக்குக் கூட்டிவந்தார். மறு ஆண்டே கிரியென்கோ பிரதமரானார். 1999 நாடாளுமன்றத் தேர்தலில் ‘வலதுசாரி சக்திகளின் ஒன்றியம்’ என்ற தாராளவாதக் கூட்டணியின் பட்டியலில் முதல் பெயர் கிரியென்கோ, இரண்டாவது நெம்த்ஸோவ், மூன்றாவது இரீனா ககமாதா. அந்தக் கூட்டணி 8.5 விழுக்காடு வாக்குப் பெற்றது. ‘புதினைக் குடியரசுத் தலைவராக்குவோம், கிரியென்கோவை தூமாவுக்கு அனுப்புவோம்’ என்பது அதன் முழக்கம்; தூமா என்பது ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவை.

அதன்பின் பாதை பிரிந்தது. கிரியென்கோ அதிகாரத்தோடு நடந்து, அணுசக்தி நிறுவனமான ரோஸாட்டமுக்குத் தலைமை வகித்து, 2016 முதல் க்ரெம்ளினில் உள்நாட்டு அரசியலையும் தேர்தல்களையும் கவனிக்கும் பொறுப்பில் இருக்கிறார். நெம்த்ஸோவ் தெருவுக்கு இறங்கி, 2015இல் க்ரெம்ளின் மதிலுக்கு அருகிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 2000 முதல் 2004 வரை புதினிடம் பிரதமராக இருந்த மிகயீல் கஸ்யானவும் பின்னர் எதிர்க்கட்சித் தலைவராகி, இன்று அவருடைய நாட்டாலேயே ‘அயல்நாட்டு முகவர்’, அதாவது வெளியாரின் செல்வாக்கில் இயங்குகிறவர், என்று அறிவிக்கப்பட்டிருக்கிறார். ஆளும் வட்டம் இந்த மனிதர்களை இவ்வளவு கடுமையாக நடத்துவதற்கு அவர்களுடைய வாக்கு பலம் காரணமில்லை. வீட்டுக்குள் என்ன இருக்கிறது, எந்த அறையின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தவர்கள் அவர்கள் என்பதே காரணம் என நான் கருதுகிறேன்.

கேள்வி: தாராளவாதிகள் நல்லவர்கள் என்றால், ரஷ்ய மக்களில் பெரும்பாலோர் அந்தச் சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது ஏன்? (வாசகி ஒருவர், நாகர்கோவில்)

பதில்: மக்களின் வெறுப்புக்கு நியாயமான காரணம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல முடியாது.

1992 சனவரி 2ஆம் நாள், சீர்திருத்தங்களை முன்னின்று நடத்திய துணைப் பிரதமர் யெகோர் கெய்தாரின் முயற்சியில் பெரும்பாலான பொருள்களின் விலைக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. அந்த ஓர் ஆண்டில் விலைகள் ஏறத்தாழ 26 மடங்கு ஏறின. கடையில் பொருள் வந்தது; வாங்கப் பணம் இல்லை. வாழ்நாள் முழுவதும் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த பணம் சில மாதங்களில் ஒன்றுமில்லாமல் போயிற்று. அதே ஆண்டில் தனியார்மயத்துக்குப் பொறுப்பாக இருந்த அனதோலி சுபைஸ், அரசு நிறுவனங்களின் பங்குகளாக மாற்றிக்கொள்ளத்தக்க, 10,000 ரூபிள் முகமதிப்புள்ள தனியார்மயச் சீட்டு ஒன்றை ஒவ்வொரு குடிமகனுக்கும் வழங்கினார். ஒரு சீட்டின் மதிப்பு இரண்டு வோல்கா கார்களுக்கு ஈடாகும் என்று அவர் சொன்னதைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. பலர் அந்தச் சீட்டைக் கிடைத்த விலைக்கு விற்றார்கள். சிலர் முதலீட்டு நிதி என்ற பெயரில் வந்தவர்களிடம் கொடுத்து ஏமாந்தார்கள். சம்பளமும் ஓய்வூதியமும் மாதக்கணக்கில் வரவில்லை. ஆண்களின் சராசரி ஆயுள் 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. நாட்டின் எண்ணெய்க் கிணறுகளும் உலோக ஆலைகளுமோ, அரசு வாங்கிய கடனுக்கு அதன் நிறுவனப் பங்குகளை ஈடாக வைத்து 1995 முதல் நடந்த ‘கடனுக்குப் பங்கு’ ஏலங்களில் ஒரு சில வங்கியாளர்களின் கைக்குப் போயின. யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 45 விழுக்காடு பங்கு சுமார் 15.9 கோடி டாலருக்குக் கொடுக்கப்பட்டது. அந்த ஏலத்தை நடத்தியதும் மெனடெப் வங்கி, பங்குகள் போய்ச் சேர்ந்ததும் அதே குழுமத்துக்கு. இவையெல்லாம் சீர்திருத்தம் என்ற பெயரில் நடந்ததால், சீர்திருத்தவாதிகள் என்ற அடையாளமே கெட்டுப்போயிற்று.

இதற்கு இணையான, ஆனால் அதிகம் பேசப்படாத இன்னொரு தவறு அரசமைப்பில் நிகழ்ந்தது. 1993 அக்டோபரில் நாடாளுமன்றத்துடன் மோதிய யெல்த்சின், டாங்கிகளைக் கொண்டு அந்தக் கட்டடத்தைச் சுடச்செய்தார்; நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொதுவுடைமையர் திரும்பி வந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில் தாராளவாதிகளில் பலர் அதை ஆதரித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறைவேறிய அரசமைப்புச் சட்டம், நாடாளுமன்றத்தைக் குறுக்கிக் குடியரசுத் தலைவரிடம் அளவற்ற அதிகாரத்தைக் குவித்தது. நம்மவர் ஒருவரே எப்போதும் அந்த நாற்காலியில் இருப்பார் என்ற நம்பிக்கையில் செய்யப்பட்ட ஏற்பாடு அது. 1996இல் செல்வந்தர்களின் பணமும் தொலைக்காட்சிகளும் ஒன்றுசேர்ந்து, செல்வாக்கு வெகுவாகச் சரிந்திருந்த யெல்த்சினைப் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் சியுகானவுக்கு எதிராக வெற்றிபெறச் செய்தபோதும் இதே வாதம்தான் சொல்லப்பட்டது. தொலைக்காட்சியைக் கொண்டு தேர்தலை வெல்லலாம் என்ற பாடத்தை 2000க்குப் பின் வந்தவர்கள் நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். யாப்லகோ கட்சியின் கிரிகோரி யவ்லின்ஸ்கி கெய்தாரின் வேகத்தையும் தனியார்மய முறையையும் தொடக்கத்திலிருந்தே எதிர்த்தார் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆனால் மக்கள் மனத்தில் அவரும் மற்றவர்களோடு ஒரே வரிசையில்தான் வைக்கப்பட்டார்.

கேள்வி: கொதர்கோவ்ஸ்கி சிறை சென்றது கொள்கைக்காகவா, சொத்துக்காகவா? (வாசகர் ஒருவர், ஈரோடு)

பதில்: இரண்டையும் பிரிக்க முடியாத இடம் அது. முன்பு சொன்ன யூகோஸ் ஏலத்தில் பணக்காரரானவர் அவரே என்பதால், அவரை அப்பழுக்கற்றவராகக் காட்டுவது தவறு. ஆனால் 2003 பிப்ரவரி 19 அன்று க்ரெம்ளினில் நடந்த கூட்டத்தில், புதினை எதிரே வைத்துக்கொண்டு, நாட்டில் ஊழல் எந்த அளவுக்குப் பரவியிருக்கிறது என்று விளக்கி, அரசு நிறுவனமான ரோஸ்நெஃப்ட் அண்மையில் செய்த ஒரு கொள்முதலையே எடுத்துக்காட்டாக அவர் சுட்டினார். யூகோஸுக்கு மட்டும் அதன் எண்ணெய் வளம் எப்படிக் கிடைத்தது என்று புதின் திருப்பிக் கேட்டார். கூட்டத்தின் இந்தப் பகுதி தொலைக்காட்சியில் வந்தது. எதிர்க்கட்சிகளுக்குப் பண உதவி செய்வதையும் கொதர்கோவ்ஸ்கி நிறுத்தவில்லை. அவ்வாண்டு அக்டோபர் 25 அன்று நவசிபீர்ஸ்க் விமான நிலையத்தில் ஆயுதம் தாங்கிய அதிகாரிகள் அவரைக் கைது செய்தார்கள்.

வழக்கின் நோக்கம் என்ன என்பதை அதற்குப் பின் நடந்த விற்பனை தெளிவாக்கியது. யூகோஸின் முதன்மைப் பிரிவு 2004 டிசம்பரில் ஏலத்துக்கு வந்தபோது, அதுவரை யாரும் கேள்விப்பட்டிராத, த்வேர் நகரில் பதிவான ஒரு நிறுவனம் அதை எடுத்தது. சில நாள்களில் அந்த நிறுவனத்தையே ரோஸ்நெஃப்ட் வாங்கிவிட்டது. கொதர்கோவ்ஸ்கி பத்தாண்டு சிறையிலிருந்து 2013 டிசம்பரில் மன்னிப்புப் பெற்று வெளியேறினார். மற்றச் செல்வந்தர்கள் பாடத்தைப் புரிந்துகொண்டு அரசியலிலிருந்து ஒதுங்கினார்கள். அவர் கைதான சில வாரங்களில் நடந்த தேர்தலில் யாப்லகோவும் வலதுசாரி ஒன்றியமும் 5 விழுக்காட்டு வரம்பைத் தாண்டவில்லை. அதன் பிறகு எந்தத் தாராளவாத எதிர்க்கட்சியும் கட்சிப் பட்டியல் வழியாக தூமாவுக்குள் நுழைந்ததில்லை.

கேள்வி: தேர்தல் நடக்கிறது, பல வேட்பாளர்கள் நிற்கிறார்கள். பிறகு எப்படி இவர்களால் மட்டும் நிற்க முடிவதில்லை? சற்று விளக்கமாக எழுதுங்கள். (வாசகர் ஒருவர், திருநெல்வேலி)

பதில்: வாக்குப்பெட்டிக்கு வருவதற்கு முன்பே, விண்ணப்ப மேசையிலேயே பெரும்பாலான வேலை முடிந்துவிடுகிறது. 2024 குடியரசுத் தலைவர் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்தில் இடம் இல்லாத கட்சியின் வேட்பாளர் 1,00,000 வாக்காளர்களின் கையொப்பத்தைத் திரட்ட வேண்டும். ஒரு மாகாணத்திலிருந்து 2,500க்கு மேல் கணக்கில் சேராது. உக்ரைன் போரை நிறுத்துவேன் என்று சொன்ன போரிஸ் நதேஷ்தின் இந்த வேலையில் இறங்கியபோது, சனவரி மாதக் குளிரில் மாஸ்கோவிலும் பீட்டர்ஸ்பர்க்கிலும், அதைவிடக் கொடுமையாக உறைபனி கொட்டும் யாகுட்ஸ்கிலும், கையொப்பமிட மக்கள் வரிசையில் நின்றார்கள். போருக்கு எதிராக ஊர்வலம் போனால் கைது. பதாகை பிடித்தால் கைது. சட்டத்துக்கு உட்பட்டுத் தங்கள் கருத்தைத் தெரிவிக்க எஞ்சியிருந்த ஒரே வழி அந்த வரிசை. அந்தத் தாளில் பெயர், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், முகவரி எல்லாம் எழுத வேண்டும் என்பதால், தங்கள் அடையாளத்தை அரசின் கையில் ஒப்படைக்கிறோம் என்று தெரிந்தேதான் அவர்கள் நின்றார்கள்.

தேர்தல் ஆணையம் அந்தத் தாள்களில் ஒரு பகுதியை மாதிரியாக எடுத்துச் சரிபார்த்தது. ஓர் எழுத்து மாறியிருந்தாலும், உள்துறையின் தரவுத்தளத்தோடு ஒரு விவரம் பொருந்தாவிட்டாலும், தேதியைப் பிறர் எழுதியதாகக் கையெழுத்து வல்லுநர் கருதினாலும் கையொப்பம் செல்லாது. செல்லாதவை 5 விழுக்காட்டைத் தாண்டினால் வேட்புமனு தள்ளுபடி. 9,000க்கும் மேற்பட்டவை பிழையானவை என்று கூறி, பிப்ரவரி 8 அன்று அவரை நீக்கினார்கள். அந்த நதேஷ்தின் 1990களில் நெம்த்ஸோவிடமும் பின்னர் பிரதமர் கிரியென்கோவிடமும் உதவியாளராக இருந்தவர். இன்று க்ரெம்ளினிலிருந்து தேர்தல்களைக் கவனிக்கிறவர் அதே கிரியென்கோ என்பதை முதல் பதிலில் சொல்லியிருக்கிறேன். அந்தத் தேர்தலில் புதினுக்கு 87 விழுக்காடு வாக்கு என அறிவிக்கப்பட்டது.

வேறு வழிகளும் உண்டு. 2021இல் பீட்டர்ஸ்பர்க் சட்டமன்றத் தேர்தலில் யாப்லகோவின் போரிஸ் விஷ்னெவ்ஸ்கிக்கு எதிராக நின்ற இருவர், சட்டப்படி தங்கள் பெயரையும் போரிஸ் விஷ்னெவ்ஸ்கி என்று மாற்றிக்கொண்டார்கள். வாக்குச்சாவடிச் சுவரொட்டியில் ஒரே பெயரில், ஒரே மாதிரி வழுக்கையும் நரைத்த தாடியுமாக மூன்று முகங்கள் இருந்தன. பெயரை மாற்றியவர்கள் தோற்றத்தையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டிருந்தார்கள். 2012இல் ஆளுநர் தேர்தலை மீண்டும் கொண்டுவந்தபோது, உள்ளாட்சி உறுப்பினர்களின் கையொப்பம் வேண்டும் என்ற தடையையும் சேர்த்தே வைத்தார்கள். அந்த உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆளுங்கட்சியினர் என்பதால், யார் எதிர்த்து நிற்கலாம் என்பதையும் ஆளுங்கட்சியே தீர்மானிக்கிறது.

இவை போதாதபோது ‘அயல்நாட்டு முகவர்’ சட்டம் வருகிறது. 2012இல் அமைப்புகளுக்கு என்று தொடங்கிய இச்சட்டம் பின்னர் ஊடகங்களுக்கும் தனிமனிதர்களுக்கும் விரிந்தது. 2024 முதல் இப்பட்டியலில் உள்ளவர் எந்தத் தேர்தலிலும் நிற்க முடியாது. 2025 மார்ச் முதல், ரஷ்யாவில் வீட்டு வாடகையாகவோ உரிமைத்தொகையாகவோ அவருக்கு வரும் பணம் அவரே எடுக்க முடியாத தனிக் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.

கேள்வி: நவால்னி தாராளவாதியா, தேசியவாதியா? கொல்ல முயன்றார்கள் என்று தெரிந்தும் அவர் நாடு திரும்பியது விவேகமா? (வாசகி ஒருவர், மதுரை)

பதில்: ஆட்சியாளர்களின் ஊழலை அம்பலப்படுத்திப் புதினின் முதன்மை எதிர்ப்பாளராக உயர்ந்த நவால்னி, யாப்லகோவில் வளர்ந்து, தேசியவாதிகளின் ஊர்வலங்களில் கலந்துகொண்டதால் 2007இல் அக்கட்சியிலிருந்து நீக்கப்பட்டவர். புலம்பெயர் தொழிலாளர்களைப் பற்றி அந்நாள்களில் அவர் வெளியிட்ட காணொளிகள் மன்னிக்கத்தக்கவை அல்ல. பின்னாளில் அவருடைய நிலைப்பாடு மாறியது. 2023 பிப்ரவரியில் சிறையிலிருந்தபடியே, 1991இல் ஏற்கப்பட்ட எல்லைகளே உக்ரைனின் எல்லைகள் என்று எழுத்தில் வெளியிட்டார்.

பழைய தாராளவாதிகள் உரிமை, சட்டம், அரசமைப்பு என்று பேசிக்கொண்டிருந்த இடத்தில், அவர் ஒப்பந்தப் புள்ளிகளையும் நிலப் பதிவேடுகளையும் கையில் எடுத்தார். யாருடைய மாளிகை, எவ்வளவு நிலம், எந்த அதிகாரியின் உறவினர் பெயரில் எந்த நிறுவனம் என்று மக்களுக்குப் புரியும் மொழியில் பேசினார். 2011இல் அவர் ஆளுங்கட்சிக்குச் சூட்டிய ‘மோசடிக்காரர்களும் திருடர்களும் நிறைந்த கட்சி’ என்ற பெயர் நாடு முழுவதும் ஒட்டிக்கொண்டது. 2013 மாஸ்கோ மேயர் தேர்தலில் தொலைக்காட்சியின் துணையே இல்லாமல் 27 விழுக்காடு வாக்குப் பெற்றார். உண்மையான போட்டி ஒன்றில் நிற்க அவருக்குக் கிடைத்த முதல் வாய்ப்பு அது. அதுவே கடைசியும் ஆயிற்று.

அவர் திரும்பியது விவேகமா என்று கேட்கிறீர்கள். 2020 ஆகஸ்ட் 20 அன்று தோம்ஸ்கிலிருந்து மாஸ்கோவுக்குப் புறப்பட்ட விமானத்தில் நஞ்சினால் சரிந்து விழுந்து, பெர்லினில் பிழைத்து, 2021 சனவரி 17 அன்று அவர் திரும்பினார். விமான நிலையத்திலேயே கைதானார். இரண்டு நாளில், கருங்கடல் கரையில் கெலென்ஜிக் அருகே எழுந்துள்ள மாளிகை புதினுக்காகக் கட்டப்பட்டது என்று கூறும் காணொளியை அவருடைய குழுவினர் வெளியிட, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. மாளிகை தம்முடையது அல்ல என்று புதின் மறுத்தார். சில நாள்களில் அவருடைய பழைய ஜூடோ தோழர் அர்காதி ரோட்டன்பெர்க் அது தமக்கு உரியது என்றார். நவால்னிக்கு இரண்டரை ஆண்டாகத் தொடங்கிய சிறை 19 ஆண்டாக வளர்ந்தது. தனிமைத் தண்டனை அறையில் மட்டும் அவர் சுமார் 300 நாள் கழித்தார். ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே ஹார்ப் என்ற ஊரிலுள்ள சிறையில் 2024 பிப்ரவரி 16 அன்று இறந்தார். அப்போது அவருக்கு வயது 47. வெளிநாட்டிலிருந்து பேசும் அரசியல்வாதியை ரஷ்ய மக்கள் நம்ப மாட்டார்கள் என்று அவர் உறுதியாக எண்ணினார். அந்தக் கணிப்பு சரியானது என்றே நானும் கருதுகிறேன். அதற்கு அவர் கொடுத்த விலையை எந்த மனிதரிடமும் எவரும் எதிர்பார்க்கக் கூடாது.

கேள்வி: நெம்த்ஸோவைக் கொன்றது யார்? (வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்)

பதில்: சுட்டவர்களைத் தெரியும், சுடச் சொன்னவரை விசாரணை தொடவில்லை. 2015 பிப்ரவரி 27 இரவு, க்ரெம்ளினை ஒட்டிய பல்ஷோய் மஸ்க்வரெத்ஸ்கி பாலத்தில் அவரைப் பின்னாலிருந்து சுட்டார்கள். நாட்டிலேயே அதிகக் கண்காணிப்புள்ள இடங்களில் ஒன்று அது. மறுநாளுக்கு மறுநாள் அவர் தலைமையில் நடக்கவிருந்த போர் எதிர்ப்பு ஊர்வலம், அவருக்கு அஞ்சலி செலுத்தும் ஊர்வலமாக மாறியது. 2017இல் செச்னியாவைச் சேர்ந்த ஐவர் தண்டிக்கப்பட்டார்கள். சுட்டவராகத் தீர்ப்பில் கூறப்பட்டவர் செச்னியாவில் உள்துறைப் படை அதிகாரியாக இருந்தவர். ஏவியவராக விசாரணை அதிகாரிகள் காட்டியது ஒரு கார் ஓட்டுநரை. குடும்பத்தினர் அதை ஏற்கவில்லை. விசாரணை முறையாக நடக்கவில்லை என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சோச்சி ஒலிம்பிக் செலவில் பெரும்பகுதி கையாடப்பட்டது என்று அறிக்கை எழுதியவரும், உக்ரைனில் ரஷ்யப் படையினர் இருப்பதைக் காட்டும் அறிக்கை ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தவரும் அவர் என்பதை மட்டும் இங்கே நினைவூட்டுகிறேன்.

கேள்வி: ஆட்சிக்குள்ளேயே தாராளவாதிகள் இருக்கிறார்களாமே? (வாசகர் ஒருவர், வேலூர்)

பதில்: பொருளாதாரத் துறையில் இருந்தார்கள், இருக்கிறார்கள். பதினோரு ஆண்டு நிதி அமைச்சராக இருந்து எண்ணெய் வருவாயைச் சேமிப்பு நிதியாக ஒதுக்கிவைத்த அலெக்ஸி குத்ரின், 2011 டிசம்பர் 24 அன்று மாஸ்கோவின் சகாரவ் சாலையில் கூடிய எதிர்ப்புக் கூட்டத்தில் மேடையேறிப் பேசினார். பிறகு மீண்டும் அரசுப் பதவிக்குத் திரும்பினார். மத்திய வங்கித் தலைவர் எல்விரா நபியுல்லினா, போர் தொடங்கிய சில நாள்களில் வட்டியை 20 விழுக்காடாக உயர்த்தி ரூபிளைக் காப்பாற்றினார். தனியார்மயத்தின் தந்தை சுபைஸ் மட்டும் 2022 மார்ச்சில் ஓசையில்லாமல் நாட்டைவிட்டு வெளியேறினார். ஆட்சியை உள்ளிருந்து மென்மையாக்குவோம் என்பது இவர்கள் சொல்லிவந்த நியாயம். மென்மையானது எதுவும் கண்ணுக்குத் தென்படவில்லை. பொருளாதாரத் தடைகளையும் போர்ச் செலவையும் தாங்கும் வலிமையை மட்டும் இவர்களுடைய திறமை அந்த ஆட்சிக்குக் கொடுத்திருக்கிறது.

கேள்வி: என் மகள் வோல்கோகிராதில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே யாரும் அரசியலே பேசுவதில்லை, எல்லோரும் புதினை ஆதரிப்பதாகவே தெரிகிறது என்கிறாள். அது உண்மைதானா, ஐயா? (தாய் ஒருவர், விழுப்புரம்)

பதில்: உங்கள் மகள் பார்ப்பது உண்மை, அம்மா, அதன் பொருள் மட்டும் அவ்வளவு எளிதானதல்ல. லெவாதா மையத்தின் கருத்துக்கணிப்புகளில் 2022க்குப் பின் பெரும்பாலான மாதங்களில் புதினுக்கு 80 விழுக்காட்டுக்கும் மேல் ஆதரவு காணப்பட்டுவந்திருக்கிறது. அந்த மையமே 2016 முதல் அயல்நாட்டு முகவராக அறிவிக்கப்பட்ட அமைப்பு என்பதால், அரசுக்காக எண்களைக் கூட்டிச் சொல்கிறது என்று குற்றம் சாட்ட முடியாது. ஆனால் படையைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்று 2022 மார்ச் 4 அன்று சட்டம் வந்த நாட்டில், வீடு தேடி வந்து கேள்வி கேட்கும் முன்பின் தெரியாத ஒருவரிடம் மக்கள் எதைச் சொல்வார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மனமாரப் புதினை ஆதரிப்பவர்கள் பலர் உண்டு; 1990களை வாழ்ந்து கடந்தவர்களுக்கு ஒழுங்காக வரும் ஓய்வூதியம் சிறிய செய்தி அல்ல. பேச அஞ்சுகிறவர்களும் உண்டு. நவால்னியின் இறுதிச் சடங்கு நடந்த 2024 மார்ச் 1 அன்று, கைது நிச்சயம் என்ற அச்சத்தையும் மீறி ஆயிரக்கணக்கானோர் மாஸ்கோவின் மரீனோ பகுதியில் திரண்டு அவர் பெயரை உரக்கச் சொன்னார்கள். உங்கள் மகள் அயல்நாட்டு மாணவி; கூட்டங்களிலிருந்தும் சமூக ஊடகச் சர்ச்சைகளிலிருந்தும் விலகியிருப்பதே அவருக்குப் பாதுகாப்பு.

கேள்வி: எதிர்ப்பாளர்கள் தங்களுக்குள்ளேயே சண்டையிட்டுக்கொள்கிறார்களே, இவர்களால் என்ன செய்ய முடியும்? (வாசகர் ஒருவர், சேலம்)

பதில்: உங்கள் சலிப்பு எனக்கும் உண்டு. 2024இல் நவால்னியின் கூட்டாளி லியோனித் வோல்கவ் லித்துவேனியாவின் தலைநகர் வில்னியுஸில் சுத்தியலால் தாக்கப்பட்டார். அதற்கு ஏற்பாடு செய்தவர் கொதர்கோவ்ஸ்கியின் முன்னாள் பங்காளி லியோனித் நெவ்ஸ்லின் என்று நவால்னியின் அமைப்பு குற்றம் சாட்டியது, நெவ்ஸ்லின் மறுத்தார். அதன்பின் இரு தரப்பும் ஒன்றையொன்று குற்றம் சொல்லிக் காணொளிகள் வெளியிடுவதில் மாதங்கள் கழிந்தன. தேர்தலில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்கும் வாய்ப்பே இல்லாதபோது, யார் பெரியவர் என்பதைத் தீர்மானிக்க வேறு அளவுகோல் எதுவும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் இந்தச் சண்டைகள் வளர்கின்றன. சேர்ந்து செயல்பட்டபோது அவர்களால் முடிந்தது என்பதற்கும் சான்று இருக்கிறது. 2019 மாஸ்கோ நகர் மன்றத் தேர்தலில் தங்கள் வேட்பாளர்களில் பெரும்பாலோர் தடுக்கப்பட்ட நிலையிலும், ஒவ்வொரு தொகுதியிலும் ஆளுந்தரப்பை வீழ்த்தக்கூடிய ஒருவருக்கு வாக்களியுங்கள் என்று நவால்னி கேட்டுக்கொள்ள, 45 இடங்களில் 20 இடங்கள் ஆளுந்தரப்பின் கையைவிட்டுப் போயின.

கேள்வி: 2024 ஆகஸ்டில் மேலைநாடுகளுடன் கைதிகள் பரிமாற்றம் நடந்ததே, ரஷ்யாவுக்குள் இன்னும் யாராவது மிச்சம் இருக்கிறார்களா? நம்மைப் போன்ற சாதாரண மக்கள் அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா? (வாசகி ஒருவர், யாழ்ப்பாணம்)

பதில்: இருக்கிறார்கள். அந்தப் பரிமாற்றத்தில் 25 ஆண்டு தண்டனை பெற்றிருந்த விளாதிமிர் காரா-முர்சாவும், எட்டரை ஆண்டு பெற்றிருந்த இல்யா யாஷினும் விடுதலையானார்கள். காரா-முர்சா நெம்த்ஸோவின் நெருங்கிய நண்பர். ரஷ்ய அதிகாரிகள் மீது மேலைநாடுகள் தடை விதிக்க உதவிய மாக்னிட்ஸ்கி சட்டத்துக்காக உழைத்தவர். அவருக்குத் தண்டனை வழங்கிய நீதிபதி அதே சட்டத்தின்கீழ் தடைக்கு ஆளானவர் என்பதிலிருந்தே அந்த விசாரணையின் தன்மையை அறியலாம். யாஷின் தம்மைச் சம்மதமில்லாமல் நாடு கடத்தியதாகவும், தமக்குப் பதிலாக நோயுற்ற கைதி ஒருவரை விடுவித்திருக்க வேண்டும் என்றும் விடுதலையான மறுநாளே வருத்தத்தோடு பேசினார். அப்போது அவர் சொன்ன பெயர்களில் ஒன்று அலெக்ஸி கொரினோவ்.

கொரினோவ் பெரிய தலைவர் அல்லர். மாஸ்கோவின் கிராஸ்னோசெல்ஸ்கி வட்டார மன்றத்தில், முன்பு யாஷின் தலைமை வகித்த அதே மன்றத்தில், ஓர் உறுப்பினர். 2022 மார்ச் 15 அன்று நடந்த கூட்டத்தில் சிறுவர்களுக்கான ஓவியப் போட்டி பற்றிய பேச்சு வந்தது. உக்ரைனில் குழந்தைகள் இறந்துகொண்டிருக்கும்போது நாம் எப்படி இங்கே ஓவியப் போட்டி நடத்துவது என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்காக அவருக்கு ஏழு ஆண்டு சிறை. புதிய சட்டத்தின்கீழ் இவ்வளவு நீண்ட தண்டனை பெற்ற முதல் மனிதர் அவர்தான். முன்பே நுரையீரலில் ஒரு பகுதி அறுவை சிகிச்சையில் அகற்றப்பட்ட அவர், நீதிமன்றக் கண்ணாடிக் கூண்டுக்குள் நின்றுகொண்டு ‘இந்தப் போர் உங்களுக்கு இன்னும் தேவையா?’ என்று எழுதிய தாளை உயர்த்திக் காட்டினார். 2024 நவம்பரில், சிறையில் உடனிருந்தவர்களிடம் பேசிய பேச்சுக்காக மேலும் மூன்று ஆண்டு விதித்தார்கள்.

நீங்கள் கேட்ட இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். அரசியல் கைதிகளுக்குக் கடிதம் எழுதும் வழக்கம் ரஷ்யாவில் வலுவாக இருக்கிறது. கடிதம் வந்துகொண்டிருக்கும் கைதியைச் சிறை அதிகாரிகள் சற்று எச்சரிக்கையோடு நடத்துவார்கள் என்று விடுதலையானவர்கள் சொல்கிறார்கள். எல்லாக் கடிதங்களையும் தணிக்கையாளர் படிப்பார் என்பதால் ரஷ்ய மொழியில் எழுத வேண்டும். போரைப் பற்றியும் வழக்கைப் பற்றியும் எழுதக் கூடாது. உங்கள் ஊரில் பெய்யும் மழையைப் பற்றி, வீட்டுத் தோட்டத்தைப் பற்றி, படித்த புத்தகத்தைப் பற்றி எழுதலாம். ரஷ்ய மொழி அறிந்த ஒருவரின் உதவி கிடைத்தால், தயங்காமல் எழுதுங்கள்.